6க்கு 4 அடியில் முதல் மாடல் ரயில் அமைப்பு: அடிப்பலகைக்கு எந்தப் பொருளை வாங்குவது?

அழகாபுரத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலம் அழகாபுரத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு அவளுடைய தாய்மாமன் எச்.ஓ. அளவிலான (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு) ஒரு தொடக்கப் பெட்டியை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் ஓர் எஞ்சினும் சில பெட்டிகளும் ஒரு நீள்வட்டத்துக்கு வேண்டிய தண்டவாளத் துண்டுகளும் இருக்கின்றன. இப்போது கூடத்துத் தரையில் பரப்பி ஓட்டுகிறோம். தலைமுடியும் தூசியும் சக்கர அச்சுகளில் சுற்றிக்கொள்கின்றன; ஒவ்வொரு முறையும் பிரித்து அடுக்குவதால் இணைப்புத் தகடுகளும் தளர்ந்துகொண்டே வருகின்றன. அதனால் நிலையான ஒரு பலகை செய்துவிடலாம் என்று தீர்மானித்திருக்கிறோம்.

மொட்டை மாடியில் உள்ள சிறிய அறையைப் பயன்படுத்திக்கொள்ள வீட்டு உரிமையாளர் அனுமதித்திருக்கிறார். 6 அடிக்கு 4 அடி வரை இடம் ஒதுக்கலாம். கான்கிரீட் கூரைதான் என்றாலும் சித்திரை, வைகாசியில் அந்த அறை அனலாகக் கொதிக்கும். ஒன்றிரண்டு ஆண்டுகளில் வீடு மாற வேண்டி வரலாம், மாடிப்படியும் குறுகலானது.

பொருளைப் பற்றித்தான் குழப்பம். எங்கள் தெரு ஆசாரி, மரநாரை அழுத்திச் செய்யும் 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகைதான் மேடு பள்ளமில்லாமல் இருக்கும் என்கிறார். பிளைவுட் கடைக்காரர், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகையைத் தண்ணீரும் கரையானும் ஒன்றும் செய்யாது என்கிறார். வெளிநாட்டுக் காணொளிகளிலோ இளஞ்சிவப்பு நுரைப்பலகை ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். ஸ்டேஷனுக்குப் பின்னால் சேர்வராயன் மலை தெரிய வேண்டும், முன்னால் ஓர் ஓடையும் அதன்மேல் பாலமும் வேண்டும் என்பது மகளின் விருப்பம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


சூரமங்கலம் யார்டு எழுதியது:

வணக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே போடும் பலகை எது என்பதைவிட, அதற்கு அடியில் இருக்கும் சட்டம் எப்படி அமைந்திருக்கிறது என்பதும், அந்தப் பலகை காற்றின் ஈரத்தை வாங்கி விடும்போது எவ்வளவு அசைகிறது என்பதுமே ரயில் தடம் புரளாமல் ஓடுவதைத் தீர்மானிக்கின்றன. கடையில் நம்மிடம் தடிமனைப் பற்றித்தான் பேசுவார்கள். தடிமனை நம்பிச் செலவழிப்பது வீண்.

அளவிலிருந்து தொடங்குவோம். தொடக்கப் பெட்டிகளில் வரும் வளைவுகளின் ஆரம் பெரும்பாலும் 360 முதல் 460 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 438 மில்லிமீட்டர் ஆரம் என்றால் வளைவின் குறுக்களவு மட்டுமே 876 மில்லிமீட்டர். எஞ்சின் தவறினாலும் தரையில் விழாமல் இருக்க இருபுறமும் ஐந்தாறு சென்டிமீட்டர் விட்டால் ஏறக்குறைய 1 மீட்டர் ஆகிவிடும். ஆகவே 4 அடி அகலம், அதாவது 1.22 மீட்டர், உங்களுக்குப் போதும். விலை குறைவு என்று 3 அடி அகலப் பலகையை வாங்கிவிட வேண்டாம். நீளவாக்கில் 6 அடியில் நேர்ப்பாதைக்குச் சுமார் 80 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் ரயில் பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், எச்.ஓ. அளவான 87இல் ஒரு பங்காகக் குறைத்தால் அது 245 மில்லிமீட்டர். எனவே உங்கள் ஸ்டேஷனில் மூன்று பெட்டிகள் நேராக நிற்கும் என்ற கணக்கில் திட்டமிடுங்கள்.

அடுத்தது எடை. 6க்கு 4 அடியில் 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை, சட்டம் இல்லாமலேயே முப்பது கிலோ அளவுக்கு வரும். அதே பரப்பில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் சுமார் 16 கிலோ, 9 மில்லிமீட்டர் பிளைவுட் சுமார் 12 கிலோ. நீங்கள் காணொளிகளில் பார்த்த நுரைப்பலகைக்கு எக்ஸ்.பி.எஸ். என்று பெயர்; அது 50 மில்லிமீட்டர் தடிமனில் நான்கு கிலோவுக்குள் அடங்கிவிடும். குறுகலான மாடிப்படியும் வாடகை வீடும் இருக்கும்போது எடையை இரண்டாம் பட்சமாக வைக்க முடியாது. ஒரே பலகையாகச் செய்யாமல், 4 அடிக்கு 3 அடியாக இரண்டு பகுதிகள் செய்து நடுவில் போல்ட் போட்டு இணைப்பதுதான் உங்களுக்கு ஏற்ற வழி.

இப்போது சட்டம். ஒரு கட்டை வளையாமல் நிற்கும் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடியைப் பொறுத்தது. உயரத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். அதனால்தான் நான்கு கால்களின் மேல் வெறுமனே கிடக்கும் 18 மில்லிமீட்டர் பலகை நாளடைவில் நடுவில் தொய்கிறது. செங்குத்தாக நிறுத்திய 3 அங்குல உயரச் சட்டத்தின் மேல் திருகிய 9 மில்லிமீட்டர் பலகை அப்படியே நிற்கிறது. ரீப்பரை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, படுக்கவைத்து அடிப்பது பலருடைய வழக்கம். அப்படிச் செய்யாமல் நிமிர்த்தி நிறுத்துங்கள். குறுக்குக் கட்டைகளை 40 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வையுங்கள். அமெரிக்க மாடல் ரயில் எழுத்தாளர் லின் வெஸ்ட்காட் வகுத்த, எல் வடிவ உத்திரங்களைச் சட்டமாக்கும் முறை முதலியவை அறை முழுவதும் பரவும் அமைப்புகளுக்கு உரியவை. இந்த அளவுக்குச் சாதாரணக் கட்டச் சட்டமே போதும்.

இன்னொன்று. 4 அடி அகலத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தால், பின்புறம் கவிழ்ந்த பெட்டியை எடுக்கக் கை எட்டாது. ஒருவரால் வசதியாக எட்ட முடிவது 75 சென்டிமீட்டர் வரைதான். உங்கள் மகளுக்கு அதுவும் குறையும். பின்னால் நடந்துபோக இடம் விடுங்கள் அல்லது கால்களில் சக்கரம் பொருத்துங்கள்.


செவ்வாய்ப்பேட்டை மரவேலை எழுதியது:

சூரமங்கலத்து அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. மரவேலை எங்கள் குடும்பத் தொழில் என்பதால் பிளைவுட் வாங்குவதைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

ஐ.எஸ். 303 முத்திரை உள்ள பலகையில் எம்.ஆர். (ஈரம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரையும் தாங்குவது) என்று இரண்டு தரங்களைப் பார்த்திருப்பீர்கள். முதலாவதில் யூரியா பிசினும் இரண்டாவதில் பெரும்பாலும் பீனால் பிசினும் இருக்கும். ஐ.எஸ். 710 என்பது மெரைன் தரம். இதற்கு மெரைன் தேவையில்லை. ஆனால் தண்டவாளத்துக்கு ஜல்லி ஒட்டும்போது பசைத் தண்ணீரைத் தாராளமாகத் தெளிப்பார்கள் என்பதால், எம்.ஆர். தரத்தைவிட பி.டபிள்யூ.ஆர். வாங்குவதே நல்லது. கர்ஜன் மரத்தால் ஆன பலகை உறுதியானதுதான். ஆனால் கனமாகவும் கெட்டியாகவும் இருப்பதால் தண்டவாள ஆணி அதில் இறங்காமல் வளைந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துரப்பண ஊசியால் முதலில் துளையிட்டுக்கொள்ள வேண்டும். மென்மரத்தால் ஆன இலகுவான பலகை கிடைத்தால் இந்த வேலைக்கு அதுவே மேல்.

கடையில் முத்திரையைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பலகையை நீளவாக்கில் கண்ணருகே உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை நோக்கினால் முறுக்கு இருப்பது உடனே தெரியும். நான்கு ஓரங்களிலும் அடுக்குகளுக்கு நடுவே கறுப்பாக இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே அடுக்கு விட்டுப்போன இடத்தில் ஒலி மாறும். அந்த இடத்தில் போடும் திருகு பிடிக்காது. சுவரில் சாய்த்து வைத்திருக்கும் பலகைகள் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், படுக்கவைத்து அடுக்கிய கட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். 8க்கு 4 மட்டுமல்லாமல் 6க்கு 4 அளவிலும் பலகை வருகிறது. கேட்டு வாங்கினால் கழிவு மிஞ்சாது.

சட்டத்துக்கு ரீப்பர் வாங்கினால் நேரானதாகப் பொறுக்கி எடுப்பது கடினம். அதற்குப் பதில் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டிலிருந்தே 3 அங்குலப் பட்டைகளாக அறுத்து வாங்கிச் சட்டமாக்குங்கள். அறுவை நேராக இருக்கும், பின்னாளில் முறுக்கும் ஏறாது.


ஐந்து ரோடு எழுதியது:

எம்.டி.எஃப். பலகையை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சேலத்தின் வறண்ட காற்றில் அது நன்றாகவே நிற்கிறது. கணுவோ நார்த்திசையோ இல்லாததால் கண்ணாடி போன்ற மேற்பரப்பு கிடைக்கிறது. ஜிக்சாவால் அறுக்கும்போது ஓரம் சிலும்புவதும் இல்லை. என் அமைப்பு 9 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையின் மேல்தான் பல ஆண்டுகளாக இருக்கிறது.


செவ்வாய்ப்பேட்டை மரவேலை எழுதியது:

மேற்பரப்பைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதன் அறுத்த ஓரமும் துளையிட்ட இடங்களும் ஈரத்தைக் குடித்தால் உப்பும். உப்பியது திரும்ப வற்றாது. ஜல்லி ஒட்டும் தண்ணீர், மின்கம்பிக்காகப் போட்ட துளைக்குள் இறங்கினால் அந்தத் துளையைச் சுற்றி மேடு எழும். அதற்கு மேல்தான் தண்டவாளம் இருக்கும். மேலும், பலகையின் பக்கவாட்டில் திருகு போட்டால் அடுக்காகப் பிளக்கும். வாங்குபவர்கள் எல்லா ஓரங்களுக்கும் துளைகளுக்கும் இரண்டு முறை பிரைமர் அடித்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். முதல் முறையாகச் செய்பவர் இந்தக் கவனத்தை எல்லா இடத்திலும் கடைப்பிடிப்பார் என்று எதிர்பார்ப்பது கடினம் என்பதால்தான் நான் பிளைவுட்டைச் சொல்கிறேன்.


ஏற்காடு சில்வர் ஓக் எழுதியது:

ஈரத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் மலைமேலிருந்து எழுதுகிறேன். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். அதே மாதத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலம் போனால் காற்று வேறாக இருக்கும். கீழே வாங்கிய பலகையை மேலே கொண்டுவந்த மறுநாளே தண்டவாளம் பதிப்பது சரியல்ல. அமைப்பு எந்த அறையில் இருக்கப்போகிறதோ அந்த அறையில், அடியில் கட்டைகள் கொடுத்துப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி இரண்டு வாரமாவது பலகை கிடக்க வேண்டும். இது உங்கள் மொட்டை மாடி அறைக்கும் பொருந்தும்.

இங்கே காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் பலகைகள் எளிதாகக் கிடைப்பதால், அவற்றை இணைத்தே மேல்தளம் செய்துவிடலாமா என்று பலர் என்னைக் கேட்பதுண்டு. வேண்டாம் என்றே சொல்கிறேன். எந்த மரமானாலும் நாரின் நீளவாக்கில் ஈரத்தால் அசைவது மிகச் சொற்பம். நாரின் குறுக்கே அசைவது பல மடங்கு. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு முழுப்பலகை, பனிக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே அகலத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறுவது இயல்பே. பிளைவுட்டில் ஒன்றுவிட்டு ஒன்று குறுக்காக ஒட்டிய அடுக்குகள் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிப்பதால் இந்த அசைவு மிகவும் குறைகிறது. சில்வர் ஓக்கை நன்றாக உலர்த்திக் கால்களுக்கும் சட்டத்துக்கும் பயன்படுத்துங்கள். அங்கே அது நன்றாக உழைக்கும்.

தண்டவாளம் கோடையில் மேலெழும்பிக் கோணுவதற்கு உலோகம் சூட்டில் நீள்வது மட்டுமே காரணம் என்று நினைக்கிறோம். தண்டவாளத்துக்குப் பயன்படும் நிக்கல் சில்வர் உலோகம் 20 டிகிரி வெப்பம் கூடினால் 6 அடி நீளத்துக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் நீளும். அதே கோடையில் மரம் ஈரத்தை இழந்து சுருங்குகிறது. மேலே இருப்பது நீள, கீழே இருப்பது சுருங்க, இரண்டும் சேர்ந்துதான் இணைப்புகளை நெருக்குகின்றன. சேலத்தில் தை மாதக் குளிரில் தண்டவாளம் பதித்தால், ஒருசில இணைப்புகளிலாவது விசிட்டிங் கார்டின் தடிமன் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். எல்லா இணைப்புகளையும் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடக் கூடாது.

பிளைவுட்டின் மேற்புறத்துக்கு மட்டும் வண்ணம் அடித்து அடிப்புறத்தை வெறுமனே விட்டுவிடுவதையும் தவிர்க்க வேண்டும். ஒரு பக்கம் ஈரத்தைத் தடுக்க, மறுபக்கம் குடிக்க, பலகை கிண்ணம்போல் குழிந்துவிடும். இரு பக்கத்துக்கும் ஒரே பிரைமரை ஒரே எண்ணிக்கையில் அடியுங்கள்.


அழகாபுரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. எடையையும் ஈரத்தையும் நான் இவ்வளவு யோசித்திருக்கவில்லை. இரண்டு பகுதிகளாகச் செய்வது என்று முடிவாகிவிட்டது. ஆனால் ஓடையும் பாலமும் வேண்டும் என்ற மகளின் விருப்பம் அப்படியே நிற்கிறது. வெறும் பிளைவுட்டில் தண்டவாளத்துக்குக் கீழே பள்ளம் வேண்டும் என்றால் பலகையையே வெட்ட வேண்டும் அல்லவா? நுரைப்பலகை வைத்தால் இது எளிதாகுமா? அலங்காரக் கடைகளில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மாகோலையே பயன்படுத்தலாமா?


அஸ்தம்பட்டி என் ஸ்கேல் எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் 1க்கு 160 என்ற என் அளவில் நுரைப்பலகை வைத்துத்தான் அமைப்புகள் செய்கிறேன். உங்கள் ஓடைக்கு நுரைதான் விடை. தண்டவாளத்தை 50 மில்லிமீட்டர் நுரையின் மேல் பதித்தால், அந்த 50 மில்லிமீட்டருக்குள் ஓடை, வயல், மதகு என்று எதை வேண்டுமானாலும் கீழே செதுக்கலாம். எச்.ஓ. அளவில் 50 மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 4 மீட்டருக்கும் மேலான ஆழம். ஓர் ஓடைக்கு அது தாராளம்.

மலைக்கும் இதுவே வசதி. ஆனால் ரயிலையே மலையேற்ற நினைக்க வேண்டாம். ஒரு பாதைக்கு மேல் இன்னொரு பாதை கடக்க 75 மில்லிமீட்டராவது உயர வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற ஏற்றத்தில் அதற்கு 3.75 மீட்டர் நீளம் வேண்டும். 6 அடிப் பலகையில் அதற்கு இடமில்லை. பாதை சமதளத்தில் ஓடட்டும். சேர்வராயன் மலையைப் பின்னால் நுரை அடுக்குகளாக எழுப்புங்கள். சேலத்திலிருந்து வடக்கே பார்த்தால் நமக்குத் தெரிவதும் அப்படித்தானே.

வெள்ளைத் தெர்மாகோலும் எக்ஸ்.பி.எஸ். பலகையும் ஒரே பாலிஸ்டைரீன் பொருளால் ஆனவைதான். முன்னது மணிகளை நீராவியில் உப்பவைத்து அச்சில் ஒட்டியது. பின்னது உருக்கி, நுரைக்கவைத்து, ஒரே பாளமாகப் பிதுக்கியது. தெர்மாகோலைக் கத்தியால் அறுத்தவுடன் வெள்ளை மணிகள் உதிர்ந்து பறக்கும். மின்னேற்றம் காரணமாகத் துணியிலும் கையிலும் ஒட்டிக்கொள்ளும். அவற்றில் ஒன்று எஞ்சினின் பற்சக்கரத்துக்குள் போனாலும் எஞ்சின் நின்றுவிடும். அதனால் தண்டவாளத்துக்கு அடியில் எக்ஸ்.பி.எஸ். பலகையை மட்டும் வையுங்கள். பின்னால் உள்ள மலையின் உள்வயிற்றை நிரப்பத் தெர்மாகோலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மேலே பிளாஸ்டர் துணி மூடிவிடும்.

எக்ஸ்.பி.எஸ். பலகை ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்காது. மொட்டை மாடிக்கு வெப்பத்தடுப்பு போடுபவர்களிடமும் குளிர்பதன அறை கட்டுபவர்களிடமும் கேளுங்கள். பெரும்பாலும் 1250க்கு 600 மில்லிமீட்டர் அளவில் வரும். மூன்று பலகைகளை அருகருகே வைத்தால் 1250க்கு 1800. உங்களுடைய 6க்கு 4 அடி என்பது 1829க்கு 1219 மில்லிமீட்டர். அகலத்தில் 3 சென்டிமீட்டரை வெட்டி எறிந்து, நீளத்தில் குறையும் 3 சென்டிமீட்டரை ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் கணக்கு முடிந்தது. சட்டத்தையே 1800க்குச் சரியாகச் செய்தால் அந்த வேலையும் இல்லை.

பசையில்தான் கவனம் வேண்டும். லாமினேட் ஒட்டப் பயன்படும் மஞ்சள் ரப்பர் பசையும், பெயின்ட் தின்னரும், பெட்ரோலும், நகப்பூச்சு நீக்கியும் நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். தண்ணீரில் கரையும் வெள்ளை மரப்பசை பாதுகாப்பானது. நுரையைப் பிளைவுட்டின் மேல் ஒட்டும்போது மரம் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் பசை நன்றாகக் காயும். நுரையோடு நுரையை ஒட்டும்போது ஈரம் வெளியேற வழியில்லாததால் நடுவில் பல நாள் பச்சையாகவே இருக்கும். மேலே புத்தகக் கட்டுகளைப் பாரமாக வைத்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ஸ்ப்ரே பெயின்டை நேராக அடிக்கக் கூடாது. மின்சாரச் சூட்டுக் கம்பியால் அறுத்தால் புகை வரும். ஜன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவர் உடனிருந்துதான் செய்ய வேண்டும். பற்றவைக்கும் சூட்டுக்கோலையும் நுரையின் மேல் வைத்துவிடாதீர்கள்.


ஐந்து ரோடு எழுதியது:

அப்படியானால் பிளைவுட்டே இல்லாமல், சட்டத்தின் மேல் நேராக நுரைப்பலகையை வைத்துவிடலாமே? எடை பாதியாகுமே.


அஸ்தம்பட்டி என் ஸ்கேல் எழுதியது:

2 அடி அகல என் அளவு அமைப்புக்கு அப்படிச் செய்யலாம். நானே அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் 6க்கு 4 எச்.ஓ. அமைப்பில் யாராவது நடுவில் கையூன்றி எட்டிப்பார்ப்பார்கள். நுரையில் அந்த உள்ளங்கைப் பள்ளம் அப்படியே பதிந்துவிடும். பாயின்ட்டை (பாதை பிரியும் இடத்தை) நகர்த்தும் மோட்டார், சுவிட்சு போன்றவற்றைத் திருகவும் நுரை பிடிகொடுக்காது. 4 அல்லது 6 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று அடியில் இருந்தால் இரண்டு குறையும் தீரும், எடையும் அதிகம் கூடாது.


ஓய்வுபெற்ற பாதைப்பணி எழுதியது:

நண்பர்களே, ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். சேலத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்திலும் அதில் வேலை செய்திருக்கிறேன். பேரனுக்காக இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியபோது எனக்கு வியப்பளித்தது, எங்கள் வேலையின் விதிகள் மேசை மேலும் அப்படியே செல்லுபடியாவதுதான். மண்மேட்டைச் சரியாக இறுக்காமல் மேலே எவ்வளவு ஜல்லி கொட்டினாலும் பாதை நிற்காது.

என்.எம்.ஆர்.ஏ. என்ற அமெரிக்க மாடல் ரயில் சங்கம் 1935 முதல் அளவுகளை வகுத்துத் தந்துகொண்டிருக்கிறது. அந்தச் சங்கம் பரிந்துரைக்கும் எச்.ஓ. சக்கரத்தின் விளிம்பு முக்கால் மில்லிமீட்டர் ஆழம்கூட இல்லை. தண்டவாளத்துக்குள் சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த விளிம்பு மட்டுமே. அப்படியென்றால் ஓர் இணைப்பில் ஒரு தண்டவாளம் மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆசாரிகள் பேச்சில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லிமீட்டருக்கு மேல். மேசை நாற்காலிக்கு ஒரு நூல் வித்தியாசம் பொறுத்துக்கொள்ளத்தக்கது. இங்கே பொறுத்துக்கொள்ள முடியாது என்பதை ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் இரண்டு பகுதிகளாகச் செய்வதால், நடுவில் சேரும் இடமே மிக முக்கியமான இடம். அந்தக் கோட்டைத் தண்டவாளம் சாய்வாகக் கடக்கக் கூடாது. செங்குத்தாகவே கடக்க வேண்டும். பாயின்ட் எதுவும் அந்தக் கோட்டின் மேல் வரக் கூடாது. நுரைப்பலகை மூன்று துண்டுகளாக வருகிறது என்று அஸ்தம்பட்டி அம்மா எழுதியிருக்கிறார்கள். நடுத்துண்டைப் பாதியாக அறுத்து இரு பகுதிக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். நுரைத் துண்டுகள் சேரும் இடங்களில் மேடு இருந்தால், உப்புத்தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றித் தேய்த்துவிடுங்கள். பிறகு இரும்பு அடிக்கோலை ஓரத்தில் நிறுத்தி, மறுபுறம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி கசியும் இடமே பள்ளம்.

தண்டவாளத்துக்கு அடியில் கார்க் போட வேண்டுமா என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெட்டியில் வந்தது பிளாஸ்டிக் ஜல்லிமேட்டுடன் கூடிய தண்டவாளம் என்றால் கார்க் வேண்டாம். வெறும் ஸ்லீப்பருடன் மட்டும் இருந்தால் 3 முதல் 5 மில்லிமீட்டர் கார்க் தாளைப் பாதையின் அகலத்துக்கு வெட்டி ஒட்டுங்கள். அது பாதையைச் சுற்றுப்புறத்திலிருந்து சற்று உயர்த்திக் காட்டும்; ஓசையையும் ஓரளவு குறைக்கும். ஆனால் வெள்ளைப் பசையால் ஜல்லியை இறுக ஒட்டியபின் அந்த இறுகிய பாளமே அதிர்வைக் கீழே கடத்தத் தொடங்கும். ஓசை உங்களுக்குப் பெரிய குறை என்றால் காய்ந்த பின்னும் நெகிழ்வாக இருக்கும் பசையைத் தேடுங்கள்.


அழகாபுரத்தான் எழுதியது:

ஐயா, டார்ச் அடித்துப் பார்க்கும் முறையை மகள் உடனே குறித்துக்கொண்டாள். பெட்டியில் வந்திருப்பது பிளாஸ்டிக் ஜல்லிமேட்டுடன் கூடிய தண்டவாளம்தான். ஆகவே கார்க் வேண்டாம்.

இரண்டு பகுதிகள், 12 மில்லிமீட்டர் பிளைவுட் பட்டைகளால் 3 அங்குலச் சட்டம், மேலே 6 மில்லிமீட்டர் பி.டபிள்யூ.ஆர். பிளைவுட், அதன்மேல் 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். என்று எழுதி வைத்திருக்கிறேன். டபிள்யூ.பி.சி. பலகையைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. கரையான் அண்டாது என்பதால் சட்டத்துக்காவது அதைப் பயன்படுத்தலாமா?


சூரமங்கலம் யார்டு எழுதியது:

கழிவறைக் கதவுக்கும் சமையலறை அலமாரிக்கும் அது நல்ல பொருள். ஆனால் அந்தப் பெயரில் இங்கே விற்கப்படும் பலகைகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை பி.வி.சி.தான். பி.வி.சி. சூட்டில் விரிவது நிக்கல் சில்வர் விரிவதைப்போல மூன்று நான்கு மடங்கு. 6 அடிப் பலகை, 20 டிகிரி வித்தியாசத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். கொதிக்கும் மாடி அறையில் தாங்கல்களுக்கு இடையே மெல்லத் தொய்ந்து, அந்தத் தொய்விலேயே நின்றுவிடும் குணமும் அதற்கு உண்டு. வெள்ளை மரப்பசை அதன் வழவழப்பான பரப்பில் சரியாகப் பிடிக்காது. காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். மரத்தைவிட எடையும் குறைவில்லை. உங்கள் அறைக்கு அது வேண்டாம். நீங்கள் எழுதி வைத்திருக்கும் பட்டியல் சரியானது.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்பலகையைத் திருகுவதற்கு முன்பே, குறுக்குக் கட்டைகள் எல்லாவற்றிலும் நடு உயரத்தில் ஓர் அங்குலத் துளை போட்டுவிடுங்கள். மின்கம்பிகள் அதன் வழியாகத்தான் போகும். பிறகு கீழே படுத்துக்கொண்டு துளையிடுவது வேதனை.


செவ்வாய்ப்பேட்டை மரவேலை எழுதியது:

கரையானைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயமே. ஆனால் அதற்குத் தீர்வு காலில் இருக்கிறது. மரக்கால் வைக்காமல், கடைகளில் சரக்கு அடுக்கப் பயன்படும் துளையிட்ட இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்டு செய்துகொள்ளுங்கள். போல்ட்டைக் கழற்றினால் கட்டாகக் கட்டிக்கொண்டு வீடு மாறலாம். உயரம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் வையுங்கள். மகள் வளர வளர ஆங்கிளின் துளைகளில் மாற்றி உயர்த்திக்கொள்ளலாம். எந்தப் பக்கமும் சுவரைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி இருந்தால், கரையான் கால் வழியாக மட்டுமே ஏற முடியும். இரும்பில் அது கட்டும் மண்தடம் பளிச்சென்று தெரியும். மாதம் ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும்.

இரண்டு பகுதிகளையும் சேர்க்க வெறும் போல்ட்டை நம்பாதீர்கள். போல்ட்டின் துளை சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறை பிரித்துச் சேர்க்கும்போதும் பலகை அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கும். பின்னை உருவி எடுக்கக்கூடிய கதவுக் கீல் இரண்டு வாங்கி, இரண்டு சட்டங்களையும் கிளாம்பில் இறுக்கிப் பிடித்த நிலையிலேயே, சேரும் கோட்டின் இரு முனைகளிலும் திருகிவிடுங்கள். பின்னை உருவினால் இரண்டாகும். திரும்பப் போட்டால் அதே இடத்தில் வந்து நிற்கும். தண்டவாளத்தைக் கீல் பொருத்திய பிறகுதான் பதிக்க வேண்டும், அதற்கு முன் வேண்டாம். அறுவைக்குப் போவதற்கு முன் அளவுகளை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.


அழகாபுரத்தான் எழுதியது:

நன்றி அண்ணா. நுரைப்பலகையின் அளவுக்கு ஏற்ப 900க்கு 1220 மில்லிமீட்டராக இரண்டு சட்டங்கள், ஒவ்வொன்றிலும் நடுவில் இரண்டு குறுக்குக் கட்டைகள், பட்டையின் உயரம் 75 மில்லிமீட்டர். இந்த அளவில் அறுக்கக் கொடுக்கலாமா?


செவ்வாய்ப்பேட்டை மரவேலை எழுதியது:

கொடுக்கலாம் தம்பி. நீளப் பட்டைகள் நான்கும் 1220 மில்லிமீட்டர். மற்றவற்றை 876 என்று எழுதிக் கொடுங்கள். இரு பக்கமும் 12 மில்லிமீட்டர் பட்டையின் தடிமன் அதில் கழிந்திருக்கிறது. முனைப் பட்டைகளும் குறுக்குக் கட்டைகளும் ஒரே நீளம் என்பதால் எட்டையும் ஒன்றாக அடுக்கி ஒரே அமைப்பில் அறுக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக அறுத்தால் ஒன்று நீளும், ஒன்று குறையும்.